சாட்சிக்குக் கொடுத்த சட்டை

அந்த வீடியோவில் அவன் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை என்னுடையது. பதினோரு நிமிட வீடியோ. எங்கள் பழைய சபையின் சேனலில் இன்றைக்கும் இருக்கிறது. 'கத்தியைக் கீழே போட்ட ரவுடி' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு வைத்து, ஓரத்தில் ஒரு கத்திப் படத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். ஏழாவது நிமிடத்தில் அவன் வலது கையைத் தலைக்குமேல் தூக்குவான். என்னைவிட அவன் உயரம், கையும் நீளம். முழுக்கைச் சட்டை மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொள்ளும். வலது கைப்பட்டியில் பட்டன் இல்லை, அதனால் துணி இரண்டாகப் பிரிந்து தொங்கும். எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள், பட்டன் இல்லாததை ஒருவர்கூடக் கவனித்திருக்கமாட்டார்கள். நான் அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று என் மனைவி கேட்பாள்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அவனை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். அவன் சொந்தப் பெயரைக் கெடுத்தது போதும். எங்கள் சபை அப்போது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடி ஹாலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் படி ஏறும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் பைக்குகளைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் எங்கள் சகோதரிகள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் படி ஏறுவார்கள். போலீசில் சொல்லி இவர்களைக் கிளப்பிவிட வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது பாஸ்டர்தான், கிளப்புவதற்குப் பதில் மேலே கூப்பிட்டால் என்ன என்று கேட்டார். நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தால் இதையெல்லாம் நான் எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

வாலிபர் ஊழியம் என்று பெயர் வைத்தோம். பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன், சபைப் பத்திரிகையில் மாதம் ஒரு பக்கம் எழுதுகிறவன், வயது நாற்பதைத் தாண்டியவன். வாலிபர்களோடு எனக்கு இருந்த ஒரே சம்பந்தம், நானும் ஒரு காலத்தில் வாலிபனாக இருந்தேன் என்பதுதான். அதையும் வீணாக்கியவன். முதல் சனிக்கிழமைக்கு நோட்டீஸ் அடித்துக் கடை கடையாக ஒட்டினோம். பேக்கரியிலிருந்து முப்பது எக் பஃப்ஸ் வாங்கி வைத்துக் காத்திருந்தோம். ஒரு குஞ்சும் வரவில்லை. நானும் பாஸ்டரும் கீபோர்டு வாசிக்கிறவரும் ஆளுக்கு மூன்று தின்றுவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போனோம். இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் ஒரு ஃபுட்பாலை வாங்கிக்கொண்டு, நானே கீழே இறங்கிப் போய் அவர்கள் பைக்குகளுக்கு நடுவே நின்றேன். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒல்லியாக, நெட்டையாக இருந்த ஒருவன் பந்தை என் கையிலிருந்து வாங்கி அமுக்கிப் பார்த்தான்.

"காத்து பத்தலைண்ணா. பரவால்ல, ஆடறோம். ப்ரேயர் மட்டும் ஸ்வல்பம் சின்னதா வச்சிக்கங்க."

அதுதான் கேப்டன். அன்றைக்கே எங்களுக்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. பக்கத்து மைதானத்தில் ஆட்டம் முடிந்தபின் கால் மணி நேரம் ஜெபம். அவர்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆட்டத்தைத்தான் முடிக்கவில்லை. விசில் கேப்டன் கையில் இருந்தது. இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை காயத்துக்கு நின்ற நேரம், பந்து சாக்கடையில் விழுந்த நேரம், மாடு குறுக்கே வந்த நேரம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருப்பான். நானும் கோட்டுக்கு வெளியே பைபிளை வைத்துக்கொண்டு கொசுக்கடியில் நிற்பேன். மாதக் கணக்கில் இப்படிப் போனபிறகு ஒருநாள் வெளிச்சம் இருக்கும்போதே விசில் ஊதினான். பையன்கள் சத்தம் போட்டார்கள். "பாவம்டா, அண்ணன் நிக்கிறாரு" என்றான். என் வாழ்க்கையில் ஊழியம் என்று ஏதாவது நடந்திருந்தால் அந்த ஒரு சாயங்காலம்தான். அது எந்த வீடியோவிலும் இல்லை.

அவன் பெயரில் ரவுடி ஷீட் இருந்தது. பெங்களூரில் இருப்பவர்களுக்கு அதைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தடவை ஸ்டேஷனில் அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், கேஸ் தள்ளுபடி ஆனாலும் பெயர் இறங்காது. பிள்ளையார் சதுர்த்தி வந்தால் கூப்பிடுவார்கள், தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள். எல்லோரையும் ஸ்டேஷன் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் வாசித்து, கை தூக்கச் சொல்லி, எச்சரித்து அனுப்புவார்கள். பரேடு என்று அதற்குப் பெயர். கேப்டனுக்கு இருபது வயதில் ஏறிய பெயர் அது. எங்களோடு ஆட வந்தபோது அவனுக்கு இருபத்தெட்டு. கல்யாணமாகி, எல்கேஜி போகிற ஒரு பெண் குழந்தை இருந்தது. பரேடுக்குக் கூட்டிப்போக போலீஸ் வரும் காலைகளில் அந்தக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவானாம்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு என்னிடம் வந்தான். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே வேனுக்கு டிரைவர் வேலை காலி இருக்கிறது, ஜூனில் பள்ளி திறக்கும்வரை அவனுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் போலீஸ் சர்டிபிகேட் வேண்டும் என்றான். ரவுடி ஷீட் இருந்தால் சர்டிபிகேட் கிடைக்காது. ஷீட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி மனுப் போடலாம், இத்தனை வருஷமாக ஒழுங்காக இருக்கிறான் என்று நாலு பெரிய மனிதர்கள் எழுதிக் கொடுத்தால் எடுப்பார்கள் என்று ஸ்டேஷனில் இருக்கிற ஏட்டே சொன்னாராம்.

"என் பொண்ணும் அதே வேன்லதாண்ணா வரும். பாஸ்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க, அது போதும்."

பாஸ்டர் சந்தோஷமாகச் சம்மதித்தார். ஒரு வார்த்தை மட்டும் சேர்த்துக்கொண்டார். சபைக்கு முன்னால் அவன் ஒரு சாட்சி சொல்லிவிட்டால், சபையே சேர்ந்து கொடுத்த கடிதமாக இருக்குமே என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

எங்களைப்போன்ற சபைகளில் சாட்சி சொல்வது ஒரு வழக்கம். ஆராதனைக்கு நடுவே யாராவது எழுந்து போய் மைக்கைப் பிடித்து, தான் எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படி மாற்றினார் என்று சொல்லவேண்டும். அதில் ஒரு தராதரம் உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பல்வலி குணமான அம்மாவுக்கு இரண்டு ஆமென். குடியை விட்டவருக்கு அரை ஹால். விஷம் குடித்துப் பிழைத்தவருக்கு மொத்த ஹாலும் எழுந்து கை தட்டும். எவ்வளவு ஆழத்தில் கிடந்தீர்களோ அவ்வளவு பெரிய அற்புதம். நான் சபையில் பிறந்து சபையில் வளர்ந்தவன். பீடி பிடித்ததில்லை, சினிமாவுக்குத் திருட்டுத்தனமாகப் போனதுகூட ஒரே ஒரு தடவை. இருபது வருஷத்தில் நான் ஒரே ஒரு சாட்சிதான் சொன்னேன். மஞ்சள் காமாலை சரியானதைப் பற்றி. பேசி முடிப்பதற்குள் பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அந்தக் கொட்டாவியை நான் மறக்கவே இல்லை என்பது கேப்டனுக்குச் சாட்சி எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

என் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினோம். அவன் கதை முழுவதையும் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஒயின் ஷாப் பக்கத்தில் நடந்த ஒரு சண்டை. அவனுடைய சிநேகிதன் ஒருவன் ஒரு ஆளின் கையை வெட்டிவிட்டான். இவன் சண்டையில் இல்லை, எதிர்ப்பக்கத்தில் பைக்கோடு நின்றிருக்கிறான். எல்லோரும் ஓடியபோது இவனும் ஓடியிருக்கிறான். ஓடியவர்கள் பெயரெல்லாம் எஃப்ஐஆரில் ஏறியது. கோர்ட்டில் இவன்மேல் ஒன்றும் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஷீட் மட்டும் நின்றுவிட்டது.

"நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு நின்னேண்ணா. அவ்ளோதான்."

வண்டி ஸ்டார்ட் பண்ணியதற்கு யார் ஆமென் சொல்வார்கள்? பேனாவை வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். பிறகு எழுதினேன். 'இந்தக் கையால்தான் ஒரு மனிதனை வெட்டினேன். இந்தக் கையைத்தான் ஆண்டவர் பிடித்தார்.' எழுதி முடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவனுக்குப் படித்துக் காட்டினேன். காலைக் கீழே தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"பொய் ஆவாதாண்ணா?"

கூட நின்றவனும் செய்தவனும் ஆண்டவர் பார்வையில் ஒன்றுதான் என்றேன். யாரையும் குற்றம் சொல்லவில்லையே, நம்மையே தாழ்த்திக்கொள்கிறோம், அதில் பொய் எங்கே இருக்கிறது என்றேன். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. என்னைவிடக் குறைவாகப் படித்தவன், என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவன், ஒரு கடிதத்துக்காக என் வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பவன் சரி என்றுதானே சொல்வான். சரிண்ணா என்றான். அவனிடம் வெள்ளைச் சட்டை இல்லை என்பதால் என்னுடையதைக் கொடுத்தேன். பட்டன் போனதைத் தைத்துக் கொடுக்கிறேன் என்று மனைவி சொன்னாள். கைப்பட்டியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் நன்றாகத்தான் பேசினான். முதல் ஆறு நிமிடம் தடுமாறி, அம்மாவைப்பற்றியும் பந்தைப்பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அதெல்லாம் அவனுடைய பேச்சு. அப்புறம் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். கையைத் தூக்கி, நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் சொன்னான். ஹால் அதிர்ந்தது. கைப்பையை அணைத்துக்கொண்டு படி ஏறின அதே சகோதரிகள் அழுதார்கள். பாஸ்டர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கினார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, என் வரிக்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காதது அன்றைக்கு அவன் வாய் வழியாகக் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் வீடியோ சேனலில் ஏறி, ஜீவனஹள்ளியில் ஒரு போன் விடாமல் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மனுவோடு சேர்த்து ஸ்டேஷனில் கொடுத்தோம். மே மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் கூப்பிடுகிறார் என்று தகவல் வந்தது. பாஸ்டர், நான், கேப்டன் மூன்று பேரும் போனோம். பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கேப்டன் ஷேவ் செய்து, புதுச் செருப்புப் போட்டு வந்திருந்தான். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். எங்கள் இரண்டு பேருக்கும் நாற்காலி கொடுத்தார். அவன் நின்றான். அவர் மனுவைத் தொடக்கூட இல்லை, தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்து ஓடவிட்டார். எங்கள் ஹாலின் கைதட்டல் அந்த அறையில் கேட்டது. 'இந்தக் கையால்தான்' என்று கேப்டனின் குரல் வந்ததும் நிறுத்தினார். கோர்ட்டு விட்டதால் இவன் சும்மா பக்கத்தில் நின்றவன் என்றுதான் நாங்களும் நினைத்தோம், இப்போது இவனே சொல்கிறானே என்றார் கன்னடத்தில்.

"நான் வெட்டல சார். அது சும்மா… சர்ச்சுக்காகச் சொன்னது" என்றான் கேப்டன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சர்ச்சல்லி ஹேளித்து சுள்ளா, இல்லி ஹேளோது சுள்ளா?" என்றார். சர்ச்சில் சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா என்று கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, பெரியவர்கள் நீங்கள் சொல்லுங்கள், எது பொய் என்றார். பாஸ்டருக்கு உண்மை தெரியாது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் சபையில் பொய்ச்சாட்சிக்கு இடம் கிடையாது சார் என்றார். அவனைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். மனம் திரும்பியவனுக்கு மன்னிப்பு உண்டு என்பது அவருக்குத் தெரிந்த சட்டம். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். கேப்டனும் என்னைப் பார்த்தான். நான் எழுதிக் கொடுத்தது சார், அவன் செய்யவில்லை என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. சொன்னால் பாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது, சபையில் எப்படி நிற்பது, பத்திரிகையில் இனி யார் என் எழுத்தைப் போடுவார்கள் என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் ஓடியது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் மனுவை மூடி ஏட்டிடம் கொடுத்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட வேனுக்கு வேறு டிரைவர் வந்தார். கேப்டன் சனிக்கிழமை வருவதை நிறுத்தினான். அவன் வராததால் பையன்களும் வரவில்லை. கொஞ்ச நாளில் மைதானத்துக்கும் வேலி போட்டுவிட்டார்கள், எங்களுக்கும் நிறுத்த ஒரு காரணம் கிடைத்தது. ஊழியம் நின்றதே தவிர வீடியோ நிற்கவில்லை. வெளியூர்ச் சபைகளுக்குப் போகும்போதெல்லாம் பாஸ்டர் அதைத் திரைபோட்டுக் காட்டினார். அதை எடுத்துவிடச் சொல்லி கேப்டன் ஒருமுறை ஆள் அனுப்பிக் கேட்டான். ஒரு வருஷம் கழித்து எனக்குத் தைரியம் வந்து, பாஸ்டரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்கூடக் கலங்கினார். கடைசியில், "பிரதர், அந்த வீடியோவப் பாத்து எத்தனையோ பேரு மனம் திரும்பியிருக்காங்க. அதை எடுத்தா அவங்க என்ன ஆவாங்க?" என்றார். திரும்பியவர்களுக்காக இவன் அங்கேயே நிற்கவேண்டும். ஸ்டேஷனில் வாய் திறக்காத நான் அவரோடு என்னத்தைச் சண்டை போடுவது. அந்தச் சபைக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். இப்போது போகிற சபையிலும் சாட்சி நேரம் உண்டு. அப்போது வெளியே போய் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

கேப்டன் இப்போது லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறான். சொந்த வண்டி இல்லை. போன தேர்தலுக்கு முன்னால் ஒரு காலை ஸ்கூட்டரில் ஸ்டேஷன் வழியாகப் போனேன். மைதானத்தில் பரேடு. முன்பெல்லாம் பார்க்காததுபோல் போய்விடுவேன். அன்றைக்கு சிக்னல் விழுந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் அவன் நின்றிருந்தான். காதோரம் நரைத்துவிட்டது. பெயர் வாசித்ததும் வலது கையைத் தூக்கினான். கேட்டுக்கு வெளியே பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பையைச் சுமந்துகொண்டு நின்றிருந்தாள். அவனைப்போலவே நெட்டை. சின்ன வயதில் இவளைத்தான் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பான். இப்போது அவளே வந்து காத்திருக்கிறாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

சட்டையை அவன் திருப்பிக் கொடுத்தது ஸ்டேஷனுக்குப் போய்வந்த அடுத்த வாரம். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. வாசலிலேயே நின்றான், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மன்னித்துவிடு என்று எப்படி ஆரம்பிப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, அவனே பேப்பரைப் பிரித்து வலது கைப்பட்டியை எடுத்துக் காட்டினான்.

"இதுல ஒரு பட்டன் இல்லைண்ணா. நான் தொலைக்கல. நீங்க குடுக்கும்போதே இல்ல."

என்னைக் குத்திக்காட்டச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். எது காணாமல் போனாலும் முதலில் தன்னைத்தான் கேட்பார்கள் என்று பழகிப்போனவன், கேட்பதற்கு முன்னால் சொல்லிவைக்கிறான்.

"தெரியும் தம்பி. அது நீ பண்ணதில்ல, எனக்குத் தெரியும்" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. ஒரு பட்டனுக்காக அது அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது. அவன் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டு, சரிண்ணா என்று சொல்லிப் படியிறங்கினான். சட்டை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. பட்டன் தைக்கவில்லை.